ஃபிராவ் ஹூபரின் கையில் மட்டும் நின்ற விசை

போன மாதம் சாண்ட்ரா தொலைபேசியில் கூப்பிட்டாள். சுவிஸில், ஷ்லீரன் என்ற ஊரில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த துப்பாக்கிப் பட்டறையில் இப்போது என்னுடைய மேசையில் இருப்பவள் அவள்தான்.

"ஹேர் சிவா, ஒரு பிஸ்டல் வந்திருக்கு. விசை பிறகு வாங்கிப் பூட்டினது. எங்கட கையில ஒழுங்கா வேலை செய்யுது, பிஸ்டலுக்குச் சொந்தக்காரன்ட கையில மட்டும் விசை இழுபடாமல் நிண்டு போகுது. உங்களுக்கும் ஒருக்கா இப்பிடி வந்ததெண்டு சொல்லினம். நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

சொல்லத் தொடங்கினேன். இரண்டு வசனத்துக்குமேல் போகவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை" என்று வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால், நான் செய்தது சரியா பிழையா என்றே எனக்கு இன்னும் தெளிவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பட்டறையில் கதைத்ததெல்லாம் சுவிஸ் டொச்சில், அதாவது இந்த ஊர் ஜெர்மனில். நினைவில் வருவது என்னவோ எங்கட தமிழில்தான். அப்படியே எழுதிவிடுகிறேன்.

நான் இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வந்தவன் இல்லை. அகதியாக வந்து டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் ஐந்து வருடம் கோப்பை கழுவினேன். பிறகு ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையில் கிரைண்டிங் மெஷினில் நின்றேன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை விரலால் தடவிப் பார்த்தே சொல்லப் பழகியது அங்கேதான். அந்தத் தொழிற்சாலையை மூடியபோது, அதே தெருவில் துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்த தொழிலாசான் மைஸ்டர் ஏபி சின்னச் சின்ன உதிரிப்பாகங்கள் செய்ய ஓராள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். துப்பாக்கிக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவன் துப்பாக்கி திருத்தப் போகிறேன் என்று கோயிலில் கண்ட ஆட்களிடம் சொல்ல வாய் வரவில்லை. "இஸ்பிரிங் செய்யிற வேலை" என்றே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யும் இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இந்த நாட்டில் ஆயுதம் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே முதல் நான்கு வருடம் எனக்கு வந்ததெல்லாம் ஆணி, இஸ்பிரிங், குறிபார்க்கும் தகடு, மரப்பிடி. முழுத் துப்பாக்கி கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்து, பொலிஸில் இருந்து அனுமதிக் கடிதமும் வந்த கிழமை, மைஸ்டர் ஏபி ஒரு பிஸ்டலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

"கை நடுங்குது" என்றேன்.

"நடுங்கட்டும். முதல்ல வெறுமையா எண்டு பார்."

இவ்வளவுதான். ஏன் நடுங்குகிறது என்று அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அது மரியாதையா, அக்கறையில்லாத தன்மையா என்று எனக்கு விளங்க நெடுநாள் சென்றது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். உயர்ந்த, மெலிந்த மனிதர். குரலை உயர்த்தியதை நான் காணவில்லை. பாராட்டியதையும் காணவில்லை. பட்டறைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு கெட்டி அட்டை இருக்கும். அதில் கண்டதை மட்டும் எழுதவேண்டும். ஒருமுறை நான் "இஸ்பிரிங் பலவீனம்" என்று எழுதினேன். அவர் பென்சிலால் வெட்டினார்.

"பலவீனத்தை நீ கண்டனீயோ?"

"இல்லை."

"அப்ப என்ன கண்டனீ?"

"பத்துத் தோட்டாவில ரெண்டில ஊசியின்ர அடித்தடம் ஆழமா விழேல்லை."

"அதை எழுது."

கோளாறு தேடும் முறையும் அவரிடம் ஒன்றேதான். முதலில் தோட்டாக்கள் இருக்கும் மகசினைக் கழற்று. குழலின் தோட்டா அறை வெறுமையா என்று கண்ணால் பார், பிறகு விரலாலும் பார். பக்கத்தில் நிற்பவருக்கும் காட்டு. பிறகு ஆள் சொன்ன முறைப்பாட்டை ஆள் சொன்ன சொல்லிலேயே எழுது. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எது திருத்தியது என்று உனக்குத் தெரியவராது. இதையெல்லாம் நான் தினமும் செய்தேன். ஃபிராவ் ஹூபரின் விடயத்திலும் ஏறக்குறைய எல்லாம் செய்தேன்.

ஃபிராவ், அதாவது திருமதி, ஹூபர் பஸ் ஓட்டுநர். ஐம்பது வயதைத் தாண்டியவர். தன் கிராமத்துத் துப்பாக்கிச் சூட்டுச் சங்கத்தில் இருபது வருடமாக உறுப்பினர். அவருடையது வெளியில் சுத்தியல் தெரியாத வகைப் பிஸ்டல். உள்ளே இஸ்பிரிங்கால் பின்னுக்கு இழுபட்டு நிற்கும் ஊசி, விசையை இழுத்ததும் முன்னுக்குப் பாய்ந்து தோட்டாவை அடிக்கும். அந்த விசையின் நடுவில் ஒரு சின்ன நாக்கு உண்டு. விரல் அந்த நாக்கைச் சேர்த்து அமத்தினால்தான் விசை அசையும். பிஸ்டல் கீழே விழுந்தாலோ ஓரத்தில் ஏதும் தட்டினாலோ சுடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

அவர் வளைந்த பழைய விசையை மாற்றி, தட்டையான ஒன்றை வாங்கிவந்தார். பூட்டிக் கொடுத்தவன் நான். ஒரு மாதத்தில் திரும்பி வந்தார்.

"நிண்டு போகுது" என்றார். "சுவரை இழுக்கிற மாதிரி. விரலை எடுத்துத் திரும்ப வைச்சால் போகுது."

"எத்தினை தரத்துக்கு ஒருக்கா?"

"ஒரு கணக்கும் இல்லை. அதுதான் பிரச்சினை."

அவர் போனபிறகு விசை இழுவைத் தராசைக் கொழுவிப் பத்துத் தரம் இழுத்தேன். பத்தும் ஒரே அளவு. போலித் தோட்டா போட்டு நூறு தரம் இழுத்தேன். ஒரு தரமும் நிற்கவில்லை. மைஸ்டர் கீழறைக்குக் கொண்டுபோய் மணல்பெட்டிக்குள் இரண்டு மகசின் சுட்டுவிட்டு வந்தார். ஒன்றுமில்லை. நான் அட்டையில் "கோளாறு இல்லை" என்று எழுதினேன். அவர் 'இல்லை'யை வெட்டி, 'காணவில்லை' என்று திருத்தினார்.

இரண்டு கிழமையில் ஃபிராவ் ஹூபர் மறுபடியும் வந்தார். அதே முறைப்பாடு. நாக்கின் வால்பக்கம் எங்காவது உரசலாம் என்று நினைத்து நாக்கை மாற்றினேன். பிறகும் அவர் கையில் நின்றது. மூன்றாம் தரம் வந்தபோது, பழைய வளைந்த விசையையே திரும்பப் பூட்டிக் கொடுத்தேன். அடுத்த கிழமை வந்து சொன்னார்:

"இப்ப நிக்குதில்லை. ஆனால் இது எனக்கு வேண்டாம். இதில விரல் எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியுதில்லை. அதுக்குத்தானே தட்டையானதை வாங்கினனான்."

இந்த வார்த்தையை நான் கேட்டேன். அட்டையிலும் எழுதினேன். எழுதியும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சுடுகிறவர்கள் விசையைப் பற்றிக் கதைத்தால் சமையல்காரர் உப்பைப் பற்றிக் கதைப்பதுபோல, ஆளுக்கொரு ருசி சொல்வார்கள். இதுவும் அப்படி ஒன்று என்று விட்டுவிட்டேன்.

எனக்கு உண்மையில் தலை குழம்பிப்போயிருந்தது. இரும்பு ஆளைப் பார்த்து நடக்காது. ஒருவர் இழுத்தால் போவதும் இன்னொருவர் இழுத்தால் நிற்பதும் எப்படி? தட்டையான விசையை மறுபடி பூட்டினேன். மைஸ்டர் சொன்னார்: "அவவோட போ. அவ சுடேக்க பார்."

சனிக்கிழமை பின்னேரம் பஸ் எடுத்துப் போனேன். ஊர் மண்டபத்துக்குக் கீழே நிலவறையில் அவர்களுடைய சுடும் இடம். ஐந்து வரிசை. நான் அவருக்கு இடப்பக்கம், ஒரு அடி பின்னால் காதுமூடி போட்டுக்கொண்டு நின்றேன். நான்கு மகசின் ஒழுங்காகப் போனது. குண்டுகள் இலக்கில் நெருக்கமாகத்தான் விழுந்தன. ஐந்தாவதில் அவருடைய கை உறைந்தது.

"இப்ப" என்றார். விரலை எடுத்து, பிஸ்டலைக் குழல்வாய் இலக்குப் பக்கம் இருக்கும்படி மேசையில் வைத்தார்.

நான் வேறொன்றையும் தொடாமல் எடுத்து, குறிவைத்து இழுத்தேன். வெடித்தது. மேசையில் வைத்தேன். அவர் எடுத்தார். நின்றது. மறுபடி நான். வெடித்தது.

அவர் திரும்ப எடுத்து இழுத்தபோதுதான் பிஸ்டலைப் பார்ப்பதை விட்டு விரலைப் பார்த்தேன். விரல் நுனி விசையின் நடுவில் இல்லை. கீழ் ஓரத்தில், பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. நாக்கு பாதிதான் உள்ளே போயிருந்தது. வளைந்த விசை என்றால் அந்த வளைவே விரலை நடுவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். தட்டையானதில் அந்த உதவி இல்லை.

"ஃபிராவ் ஹூபர், விரலைக் கொஞ்சம் நடுவுக்குக் கொண்டுவாங்கோ" என்றேன்.

"நடுவிலதான் இருக்கு."

அவர் இலக்கைப் பார்த்தபடி சொன்னார். பொய் சொல்கிற முகம் இல்லை. விரல் அசையவும் இல்லை.

சுட்டு முடிந்து வெளிக்கிடும்போது பார்த்தேன், ஜக்கெற் பொத்தானைப் பெருவிரலாலும் நடுவிரலாலும் பூட்டினார். சுட்டுவிரல் நீட்டியபடி சும்மா நின்றது. பிறகு மற்றக் கையால் ஒருமுறை அதைத் தேய்த்துவிட்டார். குளிருக்குத் தேய்ப்பதுபோல. நிலவறையில் குளிர் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவ முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தவ. கேட்டுக்கொண்டே கறியை இறக்கி வைத்தா.

"அப்ப அவவிட்டக் கேளுங்கோவன்."

"இஞ்ச அப்பிடிக் கேக்கிறேல்லை. எனக்கும் அவவுக்கும் என்ன? துவக்குத் திருத்திறவன் நான்."

"அவ பஸ் எல்லோ ஓட்டுறா" என்றா. "விரல் எங்க இருக்கெண்டு தெரியாத ஆள்."

எங்கட ஆளென்றால் முதல் நாளே கேட்டிருப்பேன், "ஏனக்கா, கைக்கு என்ன?" என்று. அவவும் சொல்லியிருப்பா. இங்கே இருபத்தைந்து வருடம் இருந்தும், ஒருவரின் உடம்பைப் பற்றி எந்த இடத்தில் நின்று கதைக்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கண்டது பிழையாகவும் இருக்கலாம். நான் என்ன டொக்டரா?

திங்கட்கிழமை மைஸ்டர் அட்டையை எடுத்துப் பார்த்தார். சனிக்கிழமைக்கு நேரே வெறுமை.

"என்ன கண்டனீ?"

"விரலைக் கண்டனான்." பொத்தான் பூட்டியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். "அட்டையில எழுதிறதோ?"

"இந்த அட்டை பிஸ்டலுக்கு."

"அப்ப அவவுக்குச் சொல்லுறதோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். "எனக்குத் தெரியேல்லை, சிவா" என்றார். அந்த மனிதர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். செய் என்றால் செய்திருப்பேன், வேண்டாம் என்றால் விட்டிருப்பேன். இரண்டும் இல்லாமல் நின்றேன்.

சனிக்கிழமை நான் திரும்பக் கொண்டுவந்திருந்த பிஸ்டலை எடுக்க வியாழக்கிழமை ஃபிராவ் ஹூபர் வந்தார். மைஸ்டர் உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. நான் பெட்டியை மேசையில் வைத்தேன். சொல்லவேண்டியதை டொச்சில் மூன்று நாள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் போய்விட்டது.

"உங்கட சுட்டுவிரலில உணர்ச்சி இருக்கோ?" என்று மொட்டையாகக் கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"நான் உங்களிட்ட என்ர பிஸ்டலைத் தந்தனான். கையைத் தரேல்லை."

"ஓம். ஆனால் விரல் ஓரத்தில இருந்தது. நீங்கள் நடுவில எண்டு சொன்னனீங்கள். அதை நான் கண்டனான். டொக்டரிட்ட ஒருக்காக் காட்டினால்..."

"வேலை பிழைச்சால் ஆளில பழியைப் போடுறது" என்றார். குரல் உயரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

கதவு சாத்திய பிறகு மைஸ்டர் வந்தார். "கண்டதைச் சொன்னாய். அது சரி. கேக்காததைச் சொன்னாய். அது சரியோ எண்டு எனக்கு இன்னும் தெரியேல்லை." சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். அவர் என்னை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

எட்டு மாதம் ஃபிராவ் ஹூபரைக் காணவில்லை. ஷ்லீரனில் பஸ் ஏறும்போதெல்லாம் ஓட்டுநர் இருக்கையைப் பார்ப்பேன். அவராக இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. ஒருநாளும் அவராக இருக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் வந்தார். கழுத்தில் பின்பக்கம் நீளமாக ஒரு தழும்பு.

"விக்க வேணும்" என்று பெட்டியை வைத்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார். கழுத்து எலும்பு உள்ளே நரம்பை நெரித்துக்கொண்டிருந்ததாம். முதலில் விரல், பிறகு கை, விட்டிருந்தால் கால். அறுவைச் சிகிச்சை செய்தும் அந்த விரலின் உணர்ச்சி திரும்பவில்லை. பஸ் ஓட்ட மறுபடி அனுமதி கிடைக்கவில்லை. இப்போது டிப்போவில் மற்றவர்களுக்கு வேலை நேரம் போட்டுக் கொடுக்கிறாராம்.

"நான் அண்டைக்குக் கோபத்தில போனன். ரெண்டு கிழமை பொறுத்துத்தான் டொக்டரிட்டப் போனன்" என்றார். "என்ர காலைக் காப்பாற்றினது அந்த நேரம் போனதுதான் எண்டு அவர் சொல்லுறார். நீங்கள் பிழையா இருந்திருந்தால் எனக்கு இன்னும் சந்தோசமா இருந்திருக்கும்."

நன்றி சொல்கிறாரா குறை சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அடுத்த கிழமை விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விற்கும் முன்னர் எந்தப் பிஸ்டலையும் முழுக்கச் சோதிப்பது வழக்கம். வெறுமையா என்று பார்த்து, கழற்றினேன். நாக்கைப் பிடித்திருக்கும் மெல்லிய ஆணி ஒருபக்கம் அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது. விரலால் தடவியதுமே தெரிந்தது. அன்று நாக்கை மாற்றியபோது நான் பழைய ஆணியையே திரும்பத் தட்டியிருந்தேன். ஒருமுறை கழற்றிய ஆணியின் பிடி தளரும். புதிது போட்டிருக்கவேண்டும். சுடச்சுட அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, நாக்கு ஒருபக்கம் சரிந்திருக்கிறது. மகசினில் போலித் தோட்டா போட்டு இழுத்துப் பார்த்தேன். இருபதில் மூன்று தரம் நின்றது. என் கையில். நடுவில் வைத்த விரலில்.

அப்போ அந்த நிலவறையில் நின்றது எதனால்? விரலாலா, ஆணியாலா? நான் இழுத்தபோது வெடித்ததே. ஆணி அப்போது எவ்வளவு நகர்ந்திருந்தது? நான் நாக்கில் கைவைக்கும் முன்னரே அவர் முறைப்பாடு சொல்லிவிட்டாரே, அது விரலேதானா, அல்லது முதல் ஆணியும் தளர்வாக வந்ததா? இரண்டும் சேர்ந்தா? எட்டு மாதத்துக்கு முந்திய ஆணியைப் பற்றி இப்போது யாரிடம் கேட்பது? ஓர் உண்மையான நோயை, என்னுடைய பிழை கலந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

மைஸ்டரிடம் காட்டினேன். அவர் ஆணியைப் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார்.

"இதை அவவுக்குச் சொல்லவேணும்" என்றார்.

"ஆர் சொல்லுறது?"

"கண்டவன்."

ஃபிராவ் ஹூபர் வந்த அன்று மேசையில் ஒப்பந்தத்தையும், ஒரு வெள்ளைத் துணியில் அந்த ஆணியையும் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய ஆணியைப் போட்டது நான்தான் என்றும், வேலை பிழைத்தது என்று அன்று அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்றும் சொன்னேன். அவர் குனிந்து ஆணியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"ஒண்டு கேக்கிறன்" என்றார். "இந்த ஆணியை நீங்கள் அண்டைக்கே கண்டிருந்தால், என்ர விரலைப் பார்த்திருப்பீங்களோ?"

ஓம் என்று சொல்லத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் ஆணியைக் கண்டிருந்தால் புதியதைத் தட்டி, நூறு தரம் இழுத்து, அட்டையில் எழுதி, அவரை வழியனுப்பிவிட்டு அடுத்த துப்பாக்கியை எடுத்திருப்பேன். அது எனக்குத் தெரியும்.

"இல்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப நீங்கள் அண்டைக்கு உங்கட வேலையைச் சரியாச் செய்யாதது நல்லது."

நான் ஒப்பந்தத்தை அவர் பக்கம் தள்ளிவைத்தேன். அவர் பேனாவை இடக்கையில் எடுத்து, ஒப்பந்தத்தை நேராக்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதத் தொடங்கினார்.